நோய் கண்ட இடம்

கொட்டாவூர்,
ஆலங்காயம் வழி.
4 ஜூலை 1927

அன்புள்ள அக்காவுக்கு தனகோடி எழுதிக்கொண்டது.

இவ்விடம் க்ஷேமம் என்று ஆரம்பித்தால் அது பொய். க்ஷேமமில்லை என்று ஆரம்பித்தால் நீ பயந்துபோய் மேலே படிக்கமாட்டாய். அதனால் நடுவிலிருந்து ஆரம்பிக்கிறேன்: அப்பாவும் நானும் உயிரோடு இருக்கிறோம். நாம் இருவரும் பதினாலு மாதமாக எழுதிக்கொள்ளவில்லை. அதற்குக் காரணமானவன்தான் இந்தக் கடிதத்தையும் எழுதுகிறான் என்பது எனக்கு மறந்துபோகவில்லை. அதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. பேருக்கு அவர் கிராம முன்சீப். பின்னால் உட்கார்ந்து ஜனன மரண ரெஜிஸ்டரை எழுதுகிற நான் பின்சீப். எழுதி முடித்ததும் அவர் விரலைப் பிடித்து இடத்தைக் காட்டுவேன், கையெழுத்துப் போடுவார். பதினாறு வயசிலேயே எனக்கு உத்தியோகம் ஆகிவிட்டது பார்.

போன மாதம் பின்சீப்புக்கு வேலை ஜாஸ்தி. ஜூன் ஆறாம் தேதியிலிருந்து முப்பதாம் தேதிக்குள் பதினோரு சாவு. அத்தனையும் வாந்திபேதி. சுந்தரமூர்த்தி என்று ஒரு ஹெல்த் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து ரெஜிஸ்டரைப் புரட்டினார்.

"எத்தினி தலை உங்க ஊர்ல?"

"நானூத்திப் பன்னெண்டு சார்."

"அதுல பதினொண்ணு. ஆயிரத்துக்கு இருபத்தேழு."

"ஆயிரம் பேரே எங்க ஊர்ல இல்லியே சார், மீதிப் பேரை எங்கேருந்து கொண்டாறது?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "சும்மா பதினொண்ணுன்னா அது ஜாஸ்தியா, கம்மியா? நானூறு பேர்ல பதினொண்ணா, நாலாயிரம் பேர்ல பதினொண்ணா? எல்லா ஊரையும் ஆயிரம்னு வெச்சாத்தான் ரெண்டு ஊரைப் பக்கத்துல பக்கத்துல நிக்கவெச்சுப் பாக்க முடியும். இந்த ஜில்லாவுல இந்த மாசம் உங்க ஊருதான் முதல்ல நிக்குது" என்றார். வாழ்க்கையில் நம் ஊர் எதிலாவது முதலில் நிற்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அப்புறம் நம் கிணற்றில் ஊதா மருந்தைக் கொட்டி, ராட்டினத்தைக் கழற்றி, மேலே பலகை அடித்து, சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார். பெண்கள் ஒன்றரை மைல் நடந்து கானாற்று ஊற்றில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். ஆலங்காயம் சந்தையில் நம் ஆட்களை நுழையவிடுவதில்லை. "கொட்டாவூரா? அப்டியே கொட்டாவி விட்டுகினு திரும்பு" என்கிறான் வாசலில் நிற்பவன். நான் சொல்லவேண்டிய கேலியை எவனோ சொல்கிறான் என்று எனக்கு வயிற்றெரிச்சல்.

இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், நீ அங்கே இருப்பதே நல்லது. ஆம்பூரில் நீங்கள் குடியிருக்கிற தோல் டேனரி லைனில் இந்த மாதம் சாவு பூஜ்யமாம். அந்தத் தாலுகா கணக்கைப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டரே சொன்னார். லைன் கிணற்றுத் தண்ணீரையே வயிறாரக் குடி. யாராவது எந்த ஊர் என்று கேட்டால் மட்டும் நம் பேரைச் சொல்லாதே, உன்னையும் துரத்திவிடுவார்கள்.

கடைசியில் வைத்துக்கொள்வோம் என்ற விஷயத்துக்குக் காகிதத்தில் இடம் இல்லை.

தனகோடி


டேனரி லைன், ஆம்பூர்.
8 ஜூலை 1927

தம்பி தனகோடிக்கு,

உறைமேல் உன் எழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போடப்போனேன். உன் மாமாதான் பிடுங்கி, "படிச்சிட்டுப் போடு" என்றார்.

உனக்குக் காகிதத்தில் இடமில்லாத விஷயத்தை நான் எழுதுகிறேன். போன வருஷம் சித்திரையில் அப்பா எழுதியதாக எனக்கு ஒரு கடிதம் வந்தது. 'நடந்தது நடந்துவிட்டது, மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வா' என்று. அப்பாவின் கையெழுத்து, கடைசி எழுத்தின் சுழி வரைக்கும். ஒரு நிமிஷம்கூட நான் சந்தேகப்படவில்லை. வேதக்காரரைக் கட்டிக்கொண்டவளை அப்பா மன்னித்துவிட்டார் என்று லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். மிஷன் அநாதை விடுதியில் வளர்ந்தவருக்கு முதல் தடவையாக மாமனார் வீட்டு அழைப்பு. கடன் வாங்காத குறையாக ஒரு புது வேட்டி எடுத்துக் கட்டிக்கொண்டார். ஊரே பார்க்க வாசலில் நின்றோம். அப்பா, "யாரு இவங்க?" என்றார். கதவைச் சாத்தினார். நீ தென்னைமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாய். நான் பார்த்தேன்.

நேரில் பார்த்தால் அப்பாவின் மனசு இளகிவிடும் என்று நினைத்து நீயே எழுதினாயாம். பிறகு சொல்லியனுப்பினாய். உனக்கு அது விளையாட்டு. ஆரோக்கியசாமி அந்த வேட்டியைத் திரும்பக் கட்டவே இல்லை.

இங்கே எல்லாரும் சுகம். சாவு ஒன்றும் இல்லை. லைனுக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். ஊர்க் காரியம் பார்க்கிற யூனியன் ஆபீசிலிருந்து வந்தவர் பார்த்துவிட்டு, சுத்தம் என்று எழுதிக் கொடுத்தார், மானேஜர் அதை வாசலில் ஒட்டியிருக்கிறார்.

சிலருக்குச் சூடு கண்டது. இங்கே பாதிப்பேர் நம் ஊர்க்காரர்கள்தானே, வண்டி கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் ஜூன் பத்தாம் தேதி போனாள். தன் கோழியை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். இதுவரை ஒன்பது முட்டை. போனவர்கள் யாரும் திரும்பவில்லை, ஆடி உழவுக்கு அங்கேயே தங்கிவிட்டார்கள்போல. பட்டம்மாளைப் பார்த்தால் முட்டையை என்ன செய்வது என்று கேட்டு எழுது. வேறு எதுவும் எழுதவேண்டாம்.

செண்பகம்


கொட்டாவூர்.
11 ஜூலை 1927

அக்கா,

பட்டம்மாளிடம் கேட்க முடியாது. ஜூன் பன்னிரண்டாம் தேதி அவள் இறந்துவிட்டாள். ரெஜிஸ்டரில் நாலாவது வரி. நான்தான் எழுதினேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். அதில் 'நோய் கண்ட இடம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. செத்த இடத்துக்குத் தனிக் கட்டம், நோய் கண்ட இடத்துக்குத் தனிக் கட்டம். முதல் வரியில் கொட்டாவூர் என்று எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே பத்து வரியிலும் 'மேற்படி'. பேர் எழுதவேண்டும், வயசு எழுதவேண்டும், அந்தக் கட்டத்தையாவது சுருக்கமாக முடிப்போம் என்று மேற்படி, மேற்படி என்று போட்டுக்கொண்டே இறங்கியிருக்கிறேன்.

நான் கேட்காமல் எழுதவில்லை. பட்டம்மாளின் தம்பி தகவல் சொல்ல வந்தபோது, "எந்த ஊரு?" என்று கேட்டேன். "இன்னா தனா, தெரியாத மாதிரி கேக்கற? நம்ம ஊருதான்" என்றான். எல்லாரும் அதையே சொன்னார்கள். இருபது வருஷம் ஆம்பூரில் தோல் அலசினவனைக் கேட்டாலும் ஊர் கொட்டாவூர் என்றுதான் சொல்வான். ஆம்பூர் அவனுக்கு வேலை செய்கிற இடம். உடம்புக்கு முடியவில்லை என்றால் வண்டியில் ஏறிக்கொள்வான், செத்தால் ஊரில் சாகவேண்டும். நான் எந்த ஊர் என்று கேட்டேன். எங்கே படுத்தார் என்று கேட்கவில்லை. இரண்டும் ஒன்று என்று நினைத்துவிட்டேன்.

இரண்டு நாளாக வீடு வீடாகப் போய் மறுபடி கேட்டேன். பதினோரு பேரில் ஒன்பது பேர் உங்கள் லைனில் வாந்தி எடுத்து, வண்டியில் வந்து இறங்கினவர்கள். சிலர் வந்த அன்றே போய்விட்டார்கள். பத்தாவது, பட்டம்மாளின் அம்மா. மகளின் துணிகளை அலசினவள். பதினோராவது, அவர்களை ஏற்றிவந்த வண்டிக்கார ரத்தினசாமி. லைன் பக்கம் போகாமல், படுத்தவர்களைத் தொடாமல், நம் கிணற்றுத் தண்ணீரை மட்டும் குடித்துச் செத்தவர் ஒருவர்கூட இல்லை. அந்த நானூற்றுப் பன்னிரண்டிலும் ஆம்பூரில் இருக்கிற நாற்பது பேரைச் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறேன். அவர்களும் நம் ஊர்தானே.

இன்ஸ்பெக்டரிடம் ஓடினேன். அவர் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை.

"ரெஜிஸ்டர்ல கையெழுத்து உங்கப்பாவுது. இப்ப மாத்திச் சொல்ற. ஊருக்குக் கெட்ட பேர் வந்துட்டுதுன்னு சொல்றேன்னு நான் ஏன் நெனைக்கக் கூடாது?"

"ஒம்பது பேரு சார்."

"ஒம்பது பேரு எத்தினி பேர்ல? அந்த லைன்ல இருக்கறது எத்தினி தலை? அதுல விழுந்தவங்க எத்தினி, விழாதவங்க எத்தினி? விழாதவங்க எந்தத் தண்ணி குடிச்சாங்க? இதெல்லாம் இல்லேன்னா உன் ஒம்பது வெறும் ஒம்பதுதான். அது வேற தாலுகா வேற. அந்த ரெஜிஸ்டர்ல ஒரு சாவுகூட இல்லியே, எதைக் காட்டி அந்தக் கிணத்தை மூடச்சொல்றது?"

அக்கா, லைன் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதே. வயிறாரக் குடி என்று போன வாரம் எழுதினவனே இப்போது குடிக்காதே என்று எழுதுகிறேன். காய்ச்சிக் குடி. மாமா வேலைக்குப் போகும்போது காய்ச்சின தண்ணீரைக் கொடுத்தனுப்பு. இன்றைக்கே. அப்புறம் அந்த லைனை எண்ணிக் கொடு. உன்னைத் தவிர அங்கே எனக்கு யாரையும் தெரியாது, எழுதப் படிக்கத் தெரிந்தவளும் நீதான். எத்தனை பேர் இருந்தார்கள், யார் யார் படுத்தார்கள், எந்தத் தேதியில், எந்தத் தண்ணீர். எந்த ஊர் என்று மட்டும் கேட்காதே.

போன வருஷத்துக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

தனகோடி


டேனரி லைன், ஆம்பூர்.
19 ஜூலை 1927

தம்பிக்கு,

உன் கடிதம் பதின்மூன்றாம் தேதி வந்தது. நான் நம்பவில்லை. முதலில் குடி என்கிறான், பிறகு குடிக்காதே என்கிறான், மூன்றாவதாக எல்லாம் சும்மா என்று எழுதுவான் என்று நினைத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். பட்டம்மாள் செத்தாள் என்று எழுதியதைக்கூட நம்பவில்லை. அதையும் விளையாட்டாக எழுதக்கூடியவன் என்றுதான் உன்னைப் பற்றி நினைத்தேன். பதினாறாம் தேதி திரும்ப எடுத்துப் படித்தேன். அதில் ஒரு கேலிகூட இல்லை. அப்போதுதான் அடுப்பில் பானையை ஏற்றினேன். அன்றிலிருந்து காய்ச்சுகிறேன்.

எண்ணிவிட்டேன். மூன்று நாள் ஆயிற்று.

முதல் வீட்டில், "எத்தினி பேரு இருக்கீங்க?" என்று கேட்டேன். முனியம்மா, "இங்க யாரு இருக்கறது? நாங்க ஊருக்குப் போறவங்க" என்றாள். ஆறு பேர் குடியிருக்கிற வீடு. நாலு வீட்டில் இதே பதில். அப்புறம் கேள்வியை மாற்றினேன். "ஜூன் மாசப் பொறப்புல எத்தினி பேருக்கு உலை வெச்சீங்க?" உடனே சொன்னார்கள். இருபத்திரண்டு வீட்டில் தொண்ணூற்றுநாலு பேர்.

பேதி என்ற வார்த்தையை ஒருவரும் சொல்வதில்லை. மானேஜர் காதில் விழுந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று பயம். எல்லாருக்கும் சூடுதான். நானும் சூடு என்றே கேட்டேன். "சூட்டுக்கு வெந்தயம் யாருக்கு ஊறவெச்ச?" என்றதும் விரல் விட்டுச் சொன்னார்கள். முப்பத்தொரு பேருக்கு. அதில் பதினாலு பேர் வண்டியில் போனவர்கள். ஒன்பது பேர் நம் ஊருக்கு. ஐந்து பேர் குடியாத்தம் பக்கமும் சோளிங்கர் பக்கமும் போனார்கள், அவர்கள் எந்தக் கிராமத்து ரெஜிஸ்டரில் இருக்கிறார்களோ தெரியாது. மற்ற பதினேழு பேர் இங்கேயே கிடந்து தேறினவர்கள். செத்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் இவர்கள் நமக்குத் தெரிந்தே இருக்கமாட்டார்கள்.

டேனரிக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் துலுக்கர் வீடுகள். அவர்களும் இதே டேனரியில்தான் வேலை செய்கிறார்கள். அங்கே நான் வீட்டுக்குள் போய்க் கேட்கத் தயங்கினேன். அந்தத் தெரு அன்வரி பேகம்தான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். "எங்க பக்கம் எம்பத்தாறு பேரு. பேஜார் ஆனது ரெண்டே பேருக்கு. ரெண்டும் உங்க பக்கத்துத் தோல் தொட்டிக்கிட்ட வேலை செய்யற பசங்க. மத்தியானம் உங்க கிணத்துலதான் வாய வெக்கறானுங்க, நான் சொன்னா கேட்டாத்தானே" என்றாள். அந்தத் தெருவில் எல்லாரும் மசூதிக் குழாயில் பிடிக்கிறார்கள்.

எங்கள் கிணற்றுக்கு நாலு முழம் தள்ளி, கக்கூஸ் கால்வாய் வைகாசியில் உடைந்தது. மேலே மண்ணைப் போட்டு மூடிச் சுண்ணாம்பு அடித்தார்கள். அந்தச் சுண்ணாம்பைப் பார்த்துத்தான் சுத்தம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

முனியம்மாவின் அண்ணன் ஒரே ஒரு நாள் விருந்துக்கு வந்து போனவர். மூன்றாம் நாள் படுத்தார். மற்றவர்களைக் கேட்டாலும் குடித்ததற்கும் படுத்ததற்கும் நடுவில் இரண்டு மூன்று நாளுக்குமேல் இல்லை.

எண்ணினதையெல்லாம் தனிக் காகிதத்தில் வீடு வீடாக எழுதி உள்ளே வைத்திருக்கிறேன்.

இதை எழுதி முடித்து ஒட்டுவதற்குள் ஆரோக்கியசாமி கொல்லைப்பக்கம் இரண்டு தடவை போய்வந்தார். இப்போது வாந்தி எடுக்கிறார். பதினாறாம் தேதி வரைக்கும் அவர் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார். முனியம்மா வந்து, "ஊருக்குக் கொண்டுபோய்டு" என்கிறாள். எந்த ஊருக்கு என்று அவளிடம் எப்படிக் கேட்பது.

செண்பகம்


கொட்டாவூர்.
21 ஜூலை 1927
(தலையாரி கையில்)

அக்கா,

கடிதம் வந்ததும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். உன் பேரை வீட்டில் சொல்லக்கூடாது என்று அவர் போட்ட உத்தரவு ஞாபகம் வந்தபோது பாதிக்கடிதம் படித்துவிட்டிருந்தேன். அவர் நிறுத்தச் சொல்லவில்லை.

எண்ணிக்கை வந்த இடத்தில், "எண்ணுனது யாரு?" என்றார்.

"அக்கா."

"மறுபடி படி."

படித்தேன். தொண்ணூற்றுநாலு பேரில் முப்பத்தொன்று. எண்பத்தாறு பேரில் இரண்டு. என் பங்குக்கு நானும் கணக்குப் போட்டுச் சொன்னேன்: அந்த லைனில் இருந்தவர்களில் பத்துக்கு ஒருவர் நம் ஊருக்கு வந்து செத்திருக்கிறார், இங்கேயே இருந்தவர்களில் சுமார் இருநூறு பேருக்கு ஒருவர்தான். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசிப் பத்தியையும் படித்தேன்.

"மாப்ளைக்கு எத்தினி மணிக்கு ஆரம்பிச்சுதாம்?" என்றார் பிறகு.

மாப்ளை என்று அவர் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. மணி எழுதவில்லை என்றேன். "வண்டி கட்டச் சொல்லு. ரெண்டு பேரையும் இங்க கொண்டாந்துடச் சொல்லு" என்றார்.

வண்டி வருகிறது. தலையாரி கூட வருகிறார். கீழே இருப்பது அப்பாவின் கையெழுத்து. இடத்தைக் காட்டவேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தானே போட்டார். கோட்டை விட்டு மேலே ஏறிப் போயிருக்கிறது. நான் போட்டிருந்தால் நேராக இருந்திருக்கும்.

மாமா இங்கே வந்தால் அவரை ஊரே பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒன்று ஆகிவிட்டால் அவர் பேர் இந்த ரெஜிஸ்டரில் ஏறும், உங்கள் ரெஜிஸ்டரில் பூஜ்யம் அப்படியே இருக்கும். வா என்று எழுத எனக்கு உரிமை இல்லை, அதை ஒரு தடவை பொய்யாக எழுதிவிட்டேன். வராதே என்று எழுத மனசு வரவில்லை. நீயே முடிவு செய்.

ரெஜிஸ்டரில் அடித்து எழுதக்கூடாதாம். ஓரத்தில் ஒன்பது பேருக்கும் தனித்தனியாக, 'நோய் கண்ட இடம்: ஆம்பூர், டேனரி லைன்' என்று முழுசாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் அப்பாவிடம் கையெழுத்து வாங்கினேன். நாளைக் காலை அதையும் உன் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு வேலூருக்கு, ஜில்லா ஹெல்த் ஆபீசரிடம் போகிறேன்.

பதின்மூன்றிலிருந்து பதினாறு வரைக்கும் மூன்று நாள். நீ சொல்லவில்லை, நானே எண்ணிக்கொண்டேன். அந்த மூன்று நாளும் என்னுடையது அக்கா. போன வருஷம் சித்திரையில் அந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்திருந்தால், பதின்மூன்றாம் தேதியே நீ அடுப்பு மூட்டியிருப்பாய்.

தனகோடி


டேனரி லைன், ஆம்பூர்.
31 ஜூலை 1927

தம்பிக்கு,

உன் மாமா இருபத்துமூன்றாம் தேதி மத்தியானம் காலமானார். மிஷன் கோயில் கல்லறைத் தோட்டத்தில் வைத்தோம்.

வண்டி இருபத்தொன்றாம் தேதி பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டது. அப்பாவின் கையெழுத்தை அவரிடம் காட்டினேன். கண்ணுக்கு நேரே பிடிக்கச் சொன்னார். "இது நெசமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப போலாமா?" என்றார். அவருக்குப் போகவேண்டும் என்று ஆசை, தனகோடி. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நான் போகவேண்டாம் என்றேன். ஏன் என்று சொன்னேன். "சரி, எண்ணுனவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். வண்டியை வெறுமனே திருப்பி அனுப்பினேன். அப்பாவிடம் சொல், அவர்மேல் கோபத்தில் திருப்பவில்லை என்று.

லைனில் என்னைக் கரித்துக்கொட்டினார்கள். "வாசல்ல வண்டி நிக்குது, புருசன ஏத்தாம கட்டிலோட காவல் காக்கறா பாரு" என்றாள் முனியம்மா.

அவர் போன அன்றே யூனியன் ஆபீசுக்கு நானே போனேன். குமாஸ்தா நோட்டைத் திறந்து, தலையைத் தூக்காமல், "எந்த ஊரு?" என்றார்.

"இதே ஊரு."

"சொந்த ஊரு எதும்மா?"

"இதான். டேனரி லைன், அஞ்சாம் நம்பர் வீடு. படுத்ததும் இங்க, செத்ததும் இங்க. குடிச்சது லைன் கிணத்துத் தண்ணி. அதையும் எழுதுங்க."

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். லைனிலிருந்து யாரும் இதுவரை வந்து எழுதிக்கொடுத்ததே இல்லை என்றார். எழுதினார். எழுதி முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே நின்றேன்.

இருபத்தைந்தாம் தேதி ஹெல்த் ஆபீசர் வேலூரிலிருந்து வந்தார். நீ கொடுத்த காகிதங்களைக் கையில் வைத்திருந்தார். வீட்டு நம்பரைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கதவாகச் சரிபார்த்தார். உன் காகிதத்தை மட்டும் வைத்து அவர் வந்திருக்க முடியாதாம். இந்தத் தாலுகா ரெஜிஸ்டரில் ஒரு வரி இருந்ததால்தான் உத்தரவு வாங்க முடிந்ததாம். அன்று மத்தியானமே கிணற்றை மூடினார்கள். கால்வாயைத் தோண்டினார்கள், உடைப்பு நான் எழுதின இடத்திலேயே இருந்தது. குடிக்கத் தண்ணீர் இப்போது வண்டிப் பீப்பாயில் வருகிறது.

மறுநாள் முனியம்மாவின் புருஷன் படுத்தார். மூடுவதற்கு முன் குடித்தவர். அவர்கள் வண்டி கட்டினார்கள். நான் மாட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். "நீயே உன் ஊட்டுக்காரரைப் பறிகொடுத்துட்டு நிக்கற, எங்களயும் இருத்திவெச்சு சாவடிக்கறியா?" என்று கத்தினாள். அதற்குள் மிஷன் டாக்டரம்மாவை ஹெல்த் ஆபீசரே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கையில் நரம்பைக் கீறி உப்புத்தண்ணீர் ஏற்றினார்கள். நேற்று அவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். வண்டியில் ஏறியிருந்தால் வழியிலேயே முடிந்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். உன் மாமாவுக்கு அந்தத் தண்ணீர் நாலு நாள் முன்னால் வந்திருக்கவேண்டும். அதைப் பற்றி யோசித்து யோசித்து இப்போது நிறுத்திவிட்டேன்.

இன்னொன்று. இந்தத் தாலுகா கணக்கில் எங்கள் லைனுக்கு ஜூன் மாதம் பூஜ்யம், ஜூலை மாதம் ஒன்று என்று இருக்கும். பிற்பாடு புரட்டுகிறவர்கள், நோய் ஜூலையில்தான் வந்தது, ஒருவரோடு போய்விட்டது என்று நினைப்பார்கள். உன் ரெஜிஸ்டரின் ஓரத்தை யாராவது படித்தால்தான் உண்டு. அதைப் பத்திரமாக வை.

அந்த மூன்று நாளைப் பற்றி எழுதியிருந்தாய். உன்னுடையது இல்லை என்று நான் சொல்லமாட்டேன். என்னுடையதும் அதில் இருக்கிறது. இதைப் பற்றி நாம் இனி எழுதிக்கொள்ளவேண்டாம், நேரில் பேசுவோம்.

கடைசியாக ஒரு திருத்தம். ஹெல்த் ஆபீசர் சரிபார்த்துக்கொண்டு வந்தவர் அஞ்சாம் நம்பர் வாசலில் நின்று, "இந்த வீடு லிஸ்டுல இல்லியே" என்றார். வாங்கிப் பார்த்தேன். நாலாம் நம்பர் இருக்கிறது, ஆறாம் நம்பர் இருக்கிறது. எல்லாரையும் கேட்டு எழுதினவள் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. நானும் இங்கே இருப்பவளாக என்னை நினைக்கவில்லைபோல.

உன்னிடம் இருக்கிற பிரதியில் திருத்திவிடு. வீடு இருபத்துமூன்று. தலை தொண்ணூற்றாறு. நாங்கள் இரண்டு பேரும் இங்கேதான் இருந்தோம்.

செண்பகம்